சிட்னி புதர்வெளிப் பூக்கள்: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

சிட்னிக்குத் தெற்கே ராயல் நேஷனல் பார்க், வடக்கே கூரிங்காய் சேஸ், மேன்லி பக்கம் நார்த் ஹெட். இந்த இடங்களுக்கு யாரைக் கூட்டிப்போனாலும் வருகிற சந்தேகங்கள் ஏறக்குறைய ஒன்றேதான். வாட்ஸப்பில் ஒவ்வொருவருக்காகப் பதில் தட்டுவதைவிட எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைத்துவிடலாம் என்று தோன்றியது. கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன். எழுதியிருப்பது சிட்னியைச் சுற்றியுள்ள மணற்கல் பூமியைப் பற்றித்தான். மேற்கு ஆஸ்திரேலியாவின் பூக்களுக்கு இன்னொரு பக்கமே வேண்டும்.

“ஹீத், ஹீத்னு சொல்றீங்களே, அது காடா, புல்வெளியா?”

இரண்டும் இல்லை. முழங்காலிலிருந்து ஆள் உயரம் வரை வளரும் கெட்டியான குத்துச்செடிகள் நெருக்கமாக மண்டிக் கிடக்கும் வெளி அது. மரம் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் நிற்கும். இலைகள் சின்னதாக, விறைப்பாக, பல செடிகளில் ஊசியாகவே இருக்கும். கடற்காற்று அடிக்கும் பாறை மேடுகள், மண் மெலிந்த மலைமுகடுகள், தண்ணீர் தேங்கும் பள்ளங்கள் ஆகிய இடங்களில் பெரிய மரம் காலூன்ற முடியாது. அங்கெல்லாம் இந்தப் புதர்வெளிதான்.

வறட்சியால் இப்படி ஆனது என்று பலர் நினைக்கிறார்கள். சிட்னியில் ஆண்டுக்குச் சராசரியாக 1200 மில்லிமீட்டர் அளவுக்கு மழை பெய்கிறது, சென்னையைவிடக் கொஞ்சம்தான் குறைவு. விஷயம் மண்ணில் இருக்கிறது. அதைக் கீழே தனியாகச் சொல்கிறேன்.

“வெறும் புதரா இருக்கே. பூ எங்கேங்க?”

நின்றபடி பார்த்தால் அப்படித்தான் தெரியும். குனியுங்கள், முடிந்தால் உட்காருங்கள். எபாக்ரிஸ் மைக்ரோஃபில்லா என்றொரு செடி. தூரத்திலிருந்து பார்த்தால் குச்சியில் சுண்ணாம்பு பட்டதா என்று தோன்றும். பக்கத்தில் போனால் ஒவ்வொரு குச்சியிலும் ஐந்து முனை கொண்ட வெள்ளைப் பூக்கள் அடிமுதல் நுனிவரை இடைவெளியே இல்லாமல் ஒட்டியிருக்கும்.

இன்னொன்று ஃபிளானல் பிளவர். பார்க்க வெள்ளை டெய்சி. நாம் இதழ் என்று நினைப்பது இதழே இல்லை, பூவைச் சுற்றி நிற்கும் இலைகள். நுனியில் மட்டும் பச்சை தொட்டிருக்கும். மேலெல்லாம் மெல்லிய ரோமம், விரலால் தொட்டால் வெல்வெட். உண்மையான பூக்கள் நடுவில் இருக்கும் குமிழில் நெருக்கமாக அடைந்திருக்கின்றன. பத்து ரூபாய் லென்ஸ் ஒன்று கையில் இருந்தால் அவற்றை ஒவ்வொன்றாகப் பார்க்கலாம். இந்தச் செடி நம் கொத்தமல்லி, சீரகம், கேரட்டின் குடும்பம் என்று சொன்னால் முதலில் யாரும் நம்புவதில்லை.

வேகமாக நடந்து முடிப்பவர்களுக்கு இந்த இடம் எதையும் காட்டாது. வெட்டிங் கேக் ராக் பாறைக்கு முன் நின்று போட்டோ எடுக்க வரும் கூட்டம், வழிநெடுகப் பூத்திருப்பதை ஒரு முறைகூடத் திரும்பிப் பார்க்காமல் போவதைப் பார்த்தால் எனக்கு ஆத்திரம்தான் வரும். அந்தப் பாறை எப்போது வேண்டுமானாலும் சரியலாம் என்று வேலி போட்டு வைத்திருக்கிறார்கள் என்பது தனிக்கதை.

“எந்த மாசம் வந்தா நல்லா இருக்கும்?”

ஒரே ஒரு தடவைதான் வர முடியும் என்றால் ஆகஸ்ட் கடைசியிலிருந்து செப்டம்பர் கடைசிக்குள் வாருங்கள். போரோனியா, வேக்ஸ் பிளவர், மஞ்சளும் சிவப்புமான அவரைக் குடும்பப் பூக்கள், எபாக்ரிஸ் எல்லாம் ஒன்றாகப் பூத்திருக்கும். நியூ சவுத் வேல்ஸின் மாநிலப் பூவான வராட்டா செப்டம்பர், அக்டோபரில். 1962இல் அதற்கு அந்தப் பட்டம் கிடைத்தது. ஆள் உயரத்தைத் தாண்டி ஒற்றைத் தண்டு எழும்பி உச்சியில் சிவப்பாகக் கொத்து வைக்கும் ஜைமியா லில்லியும் ஏறக்குறைய அதே சமயம்தான். டிசம்பரில் ஈரமான இடங்களில் கிறிஸ்மஸ் பெல்ஸ், சிவப்பில் மஞ்சள் ஓரம் வைத்த மணிகள்.

வடக்கே கோவன் பக்கத்தில் மூகமாரா என்ற காப்பகம் இருக்கிறது. வசந்தகாலத்தில் சில வார இறுதிகளில் மட்டும்தான் பொதுமக்களுக்குத் திறப்பார்கள். முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும். பூ விஷயத்தில் சிட்னியில் எனக்கு முதலிடம் அதற்குத்தான்.

“அம்மா அப்பா ஜூன்ல ஊர்லேர்ந்து வர்றாங்க. குளிர்ல ஏதாவது இருக்குமா? அவங்களால ரொம்ப நடக்க முடியாது.”

தாராளமாக இருக்கும். பேங்க்ஸியா எரிசிஃபோலியா குளிர்காலத்தில்தான் பூக்கும். ஆரஞ்சு நிறத்தில் சாண் நீளத்துக்கு நிமிர்ந்து நிற்கும் கதிர், ஒரு கதிரிலேயே நூற்றுக்கணக்கான பூ. காலையில் போனால் ஸ்பைன்பில் என்ற வளைந்த மூக்குக் குருவி கதிர்கதிராகத் தாவித் தேன் குடிப்பதைப் பார்க்கலாம். பெரியவர்களுக்குப் பூவைவிட அந்தக் குருவியைத்தான் பிடிக்கும் என்பது என் அனுபவம். சிவப்புக் குழல், வெள்ளை நுனியுடன் பாறை இடுக்கில் தொங்கும் எபாக்ரிஸ் லாஞ்சிஃப்ளோராவும் ஏறக்குறைய ஆண்டு முழுக்கக் கண்ணில் படும்.

நடக்க முடியாதவர்களை நார்த் ஹெட்டுக்குக் கூட்டிப்போங்கள். கார் நிறுத்தத்துக்குப் பக்கத்திலேயே தளம் போட்ட பாதை, இரண்டு பக்கமும் புதர்வெளி, எதிரே கடல். அங்கே இருக்கும் பேங்க்ஸியாப் புதர்க்காடு சாதாரணமானதல்ல. ஒரு காலத்தில் சிட்னியின் கிழக்குப் புறநகர் முழுக்கப் பரவியிருந்தது. வீடும் சாலையும் வந்தபின் பழைய பரப்பில் 3 சதவீதம்கூட மிஞ்சவில்லை. செயின்ட் ஐவ்ஸில் உள்ள கூரிங்காய் வைல்ட்பிளவர் கார்டனும் சக்கர நாற்காலிக்கு ஒத்துவரும்.

“கார் இல்லாம போக முடியுமா?”

முடியும். ரயிலில் கிரொனல்லா, அங்கிருந்து படகில் பண்டீனா. இறங்கிக் கொஞ்ச தூரம் நடந்தால் கடலோரப் பாதை. ஒட்ஃபர்டு வரை 26 கிலோமீட்டர் போகும். பூ பார்க்க முதல் சில கிலோமீட்டரே போதும். நேரம் இருந்தால் ஜிப்பன் முனைக்கும் போய்வாருங்கள். இந்த நிலத்துக்குச் சொந்தக்காரர்களான தரவால் மக்கள் பாறையில் செதுக்கிய உருவங்கள் அங்கே உண்டு. கார் உள்ளவர்களுக்கு நான் சொல்வது கர்ரா மூர்ஸ் சுற்றுப்பாதை, சுமார் 10 கிலோமீட்டர்.

“எல்லாம் ஒரே மாதிரி இருக்கு அக்கா. எப்படிப் பேர் கண்டுபிடிக்கிறது?”

தனித்தனிப் பெயரை விடுங்கள். முதலில் குடும்பத்தைப் பிடியுங்கள். நான்கைந்து குடும்பம் தெரிந்தால் புதர்வெளியில் பாதிக்கு மேல் கைக்குள் வந்துவிடும்.

அகத்திப்பூ, சங்குப்பூ, அவரைப்பூவின் வடிவம் நமக்குத் தெரிந்ததுதான். அதே வடிவத்தில் விரல்நகம் அளவுக்கு, மஞ்சளில் செம்பழுப்பு தீற்றியிருந்தால் அது அவரைக் குடும்பம். இங்கே எல்லாவற்றையும் சேர்த்து “எக் அண்ட் பேக்கன்” என்று விடுவார்கள். அதற்குள் தில்வினியா, புல்டினியா என்று பிரிப்பது தேர்ந்தவர்களுக்கே தலைவலி. அங்கே நேரத்தைச் செலவழிக்காதீர்கள்.

இளஞ்சிவப்புப் பூவா? இதழை எண்ணுங்கள். நான்கு என்றால் போரோனியாவாக இருக்கலாம். ஐந்து இதழ், மெழுகு பூசின பளபளப்பு என்றால் வேக்ஸ் பிளவர். இரண்டும் எலுமிச்சை, கறிவேப்பிலையின் குடும்பம். கீழே விழுந்த இலையைக் கசக்கினால் மூக்கே சொல்லிவிடும். ஐந்து உருண்டை இதழுடன் வெள்ளைப் பூ, கிண்ணம் மாதிரி நடுப்பகுதி என்றால் டீ ட்ரீ, நம் கொய்யா, நாவலின் சொந்தம். இதழே தெரியாமல் வளைந்த கம்பிகள் மட்டும் கூட்டமாக நீட்டிக்கொண்டிருந்தால் பேங்க்ஸியா குடும்பம். கிரெவில்லியா, வராட்டா, டிரம்ஸ்டிக்ஸ் எல்லாம் அதில் அடக்கம். மவுண்டன் டெவில் என்ற செடியும் அதே குடும்பம்தான். அதன் ஒவ்வொரு கொத்திலும் ஏழு சிவப்புக் குழல்கள் இருக்கும், எண்ணிப் பாருங்கள். காய் காய்த்தால் மூக்கும் கொம்புமாகக் குட்டிச் சாத்தான் முகம். குழந்தைகள் அதை மறக்கவே மாட்டார்கள்.

“போன் ஆப் சொல்ற பேரை நம்பலாமா?”

குடும்பம் வரை பெரும்பாலும் நம்பலாம். அதற்கு மேல், நீங்கள் எடுக்கும் படத்தைப் பொறுத்தது. பூவை மட்டும் எடுத்தால் ஆப்பும் குழம்பும், ஐநேச்சுரலிஸ்ட் என்ற, படம் போட்டுப் பேர் கேட்கும் இணையதளத்தில் பதில் சொல்லும் மனிதர்களும் குழம்புவார்கள். இலையின் மேல்பக்கம், அடிப்பக்கம், இலைகள் எதிரெதிரே இருக்கின்றனவா மாறிமாறி இருக்கின்றனவா என்பது, முழுச் செடி என நான்கு படம் எடுங்கள்.

“பூவுக்கு வாசனையே இல்லையே?”

மல்லிகை பழகிய மூக்குக்கு ஏமாற்றம்தான். காரணம் இருக்கிறது. இங்கே பெரிய, சிவப்பு, ஆரஞ்சுப் பூக்கள் பலவும் பறவைகளை நம்பி இருப்பவை. பறவையைக் கூப்பிட நிறமும் தேனும் போதும், வாசனை தேவையில்லை. வாசனை வேண்டுமென்றால் குளிர்காலத்தில் ஸ்வீட் வாட்டில் பூத்திருக்கும் இடத்தில் நில்லுங்கள். வெளிர்மஞ்சள் உருண்டைப் பூ, இனிப்பான மணம்.

இரவில் வருபவர்களும் உண்டு. பிக்மி பாசம் என்ற கைக்குள் அடங்கும் பிராணி பேங்க்ஸியாக் கதிரில் தேன் நக்கப்போய் முகமெல்லாம் மகரந்தம் பூசிக்கொண்டு அடுத்த செடிக்குப் போகும். நான் படத்தில்தான் பார்த்திருக்கிறேன்.

“மண்ணு மோசம்கிறீங்க. அப்புறம் எப்படி இத்தனை பூ?”

மண் மோசமாக இருப்பதால்தான். ஹாக்ஸ்பரி மணற்கல் இருபது கோடி ஆண்டுகளுக்கும் மேல் பழையது. அது உதிர்ந்து உண்டான மண்ணில் முக்கியமாகப் பாஸ்பரஸ் மிகமிகக் குறைவு. கொழுத்த மண்ணாக இருந்தால் வேகமாக வளரும் ஒன்றிரண்டு செடிகள் மற்றதை அமுக்கி எழுந்துவிடும். இங்கே யாராலும் அப்படி எழ முடியாது. அதனால் எட்டடிக்கு எட்டடி இடத்தில் இத்தனை வகைச் செடிகள் பக்கத்தில் பக்கத்தில் காலந்தள்ளுகின்றன.

பேங்க்ஸியா குடும்பம் இதற்கென்றே வேரை மாற்றிக்கொண்டது. மழைக்குப்பின் மண்ணின் மேல்பரப்பில் பிரஷ் முடி மாதிரி அடர்த்தியாகச் சின்ன வேர்களை விட்டு, அமிலத்தைச் சுரந்து, மண்ணில் ஒட்டிக்கிடக்கும் பாஸ்பரஸை உருவி எடுக்கிறது. ஈரப் பள்ளங்களில் உள்ள டிரோசெரா வேறு வழி பார்த்தது, இலையில் பசைத்துளி வைத்துப் பூச்சி பிடிக்கிறது. இப்படிக் கஷ்டப்பட்டு உண்டாக்கிய இலையைச் சும்மா தின்னக் கொடுக்க முடியுமா? அதனால்தான் இலை கெட்டி. ஆனால் வெயிலுக்கும் தண்ணீருக்கும் பஞ்சமில்லை, சர்க்கரை செய்வது சுலபம். தேனைத் தாராளமாகக் கொட்ட முடிகிறது. தரவால் மக்கள் பேங்க்ஸியாப் பூவைத் தண்ணீரில் ஊறவைத்து இனிப்பாகக் குடித்திருக்கிறார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

வீடுகளின் கீழ்ச்சரிவில் உள்ள காட்டைப் பாருங்கள். தெருத்தண்ணீர் உரத்தையும் நாய் மலத்தையும் அடித்துக்கொண்டு வந்து சேரும் இடம் அது. அங்கே புதர்ப்பூக்கள் போய், நம்மூரில் காடுகளை நாசமாக்கும் அதே உண்ணிச்செடி மண்டியிருக்கும்.

“சாமிக்கு நாலு பூ பறிச்சா என்ன தப்பு?”

தேசியப் பூங்காவில் ஒரு பூகூடப் பறிக்கக் கூடாது, சட்டப்படி குற்றம், அபராதம் உண்டு. வெளியிலும் அரசு நிலத்தில் வராட்டா, ஃபிளானல் பிளவர் போன்றவை பாதுகாக்கப்பட்டவை. பூக்கடையில் விற்பவை உரிமம் வாங்கிய தோட்டங்களில் வளர்ந்தவை. சாமிக்கு வராட்டா சாத்த ஆசை என்றால் செப்டம்பரில் கடையில் வாங்குங்கள். தண்டு நீளமாக இருக்கும், ஒன்று வைத்தாலே பூஜையறை நிறைந்துவிடும்.

“நாலு பூதானே” என்பதற்கு என் பதில் வேறு. ஒரு பேங்க்ஸியாக் கதிரில் நூற்றுக்கணக்கில் பூ இருந்தாலும் காய்ப்பது சில மட்டுமே. பல கதிர்கள் ஒரு காய்கூட வைக்காமல் உதிர்ந்துவிடும். செப்டம்பர் ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் எத்தனை பேர் அந்தப் பாதையில் நடக்கிறார்கள் என்று பாருங்கள்.

“பாம்பு பயமா இருக்கு. பசங்களைக் கூட்டிட்டு வரலாமா?”

கூட்டி வாருங்கள். பாதையை விட்டு விலகாமல், மூடிய ஷூ, நீளக் கால்சட்டையுடன் நடந்தால் பாம்பு தானாக ஒதுங்கிவிடும். கடித்தால் நடக்கவிடாமல் படுக்கவைத்து, கடிபட்ட கை கால் முழுக்க அழுத்தமாகக் கட்டு போட்டு 000 என்ற அவசர எண்ணுக்கு அழைக்க வேண்டும். பையில் கிரேப் பேண்டேஜ் இரண்டு இருக்கட்டும்.

நிஜமாகக் கவனிக்க வேண்டியது உண்ணி. வசந்தகாலத்தில் அதிகம். சிட்னிக் கடற்கரைப் பகுதி உண்ணி கடித்துச் சிலருக்கு ஆட்டு, மாட்டு இறைச்சி சாப்பிட்டாலே ஒவ்வாமை வருகிறது. ஒட்டியிருந்தால் நகத்தாலோ இடுக்கியாலோ நசுக்காதீர்கள். மருந்துக்கடையில் உறையவைக்கும் ஸ்பிரே கிடைக்கும். அதை அடித்து, இருந்த இடத்திலேயே அது சாகவேண்டும். மூச்சுத் திணறினால் உடனே ஆம்புலன்ஸ்.

“வீட்ல வெச்ச கிரெவில்லியா செத்துப்போச்சு. உரமெல்லாம் நல்லாத்தான் போட்டேன்.”

உரம்தான் கொன்றது. மேலே சொன்ன வேர் இருக்கிறதே, அதற்குப் பாஸ்பரஸை “போதும்” என்று நிறுத்தத் தெரியாது. கோழி எருவோ ரோஜா உரமோ போட்டால் உறிஞ்சிக்கொண்டே போகும், இலை கருகும், செடி விஷம் ஏறிச் சாகும். பாஸ்பரஸ் குறைந்த “நேட்டிவ்” உரம் என்று எழுதியதை வாங்குங்கள், அதையும் கொஞ்சமாக. தண்ணீர் தேங்காத மணல்பாங்கான மேடு, நல்ல வெயில் போதும்.

கிரெவில்லியா நமக்குப் புதிதும் அல்ல. நீலகிரி, வால்பாறைத் தேயிலைத் தோட்டங்களில் நிழலுக்கு நிற்கும் சில்வர் ஓக் ஒரு கிரெவில்லியா, இந்தக் கிழக்கு ஆஸ்திரேலியாவிலிருந்து போனதுதான்.

“எரிஞ்சு கிடக்குற இடத்துக்கு ஏன் கூட்டிட்டுப் போறீங்க?”

அடுத்த ஒன்றிரண்டு ஆண்டுகளுக்கு அங்கேதான் விசேஷம். புல் குடுமி வைத்த மாதிரி நிற்கும் கிராஸ் ட்ரீ கருகின தண்டிலிருந்து ஈட்டி மாதிரி பூந்தண்டு நீட்டும். வராட்டா மண்ணுக்குள் இருக்கும் கிழங்குக் கட்டையிலிருந்து துளிர்த்து இரண்டு மூன்று ஆண்டுகளில் பூக்கும். பேங்க்ஸியா செர்ராட்டா தடித்த பட்டையால் தப்பிக்கும். எரிசிஃபோலியா செத்துவிடும். ஆனால் ஆண்டுக்கணக்கில் மூடி வைத்திருந்த காய்கள் சூட்டில் வாய்பிளந்து விதையைக் கொட்டிவிட்டுத்தான் சாகும்.

இளஞ்சிவப்பு ஃபிளானல் பிளவர் என்று ஒன்று புளூ மவுண்டன்ஸில் உண்டு. ஆண்டுக்கணக்கில் விதையாகவே மண்ணில் கிடக்கும். தீ வந்து, பிறகு நல்ல மழையும் பெய்தால்தான் எழும். 2019–20 பெருந்தீக்குப் பிறகு, 2021 தொடக்கத்தில் எரிந்த முகடுகள் முழுக்க அது பூத்தது. குறிஞ்சிக்குப் பன்னிரண்டு ஆண்டுக் கணக்கு இருக்கிறது. இதற்கு நாள்காட்டியே கிடையாது. சூடு மட்டுமல்ல, புகையிலும் விதைகளை எழுப்பும் பொருள் இருக்கிறது. அது எது என்று 2004இல் மேற்கு ஆஸ்திரேலிய விஞ்ஞானிகள் பிரித்துக் காட்டினார்கள்.

“அப்ப அடிக்கடி எரிஞ்சா நல்லதுதானே?”

இல்லை. மேலே பார்த்த எரிசிஃபோலியாவையே எடுத்துக்கொள்ளுங்கள். விதையிலிருந்து எழும் கன்று முதல் பூ வைக்க நாலைந்து ஆண்டு, போதிய விதை சேர்க்க இன்னும் சில ஆண்டு ஆகும். அதற்குள் இன்னொரு தீ வந்தால் கன்றும் போச்சு, விதையும் போச்சு. அந்த இடத்தில் அந்த இனமே அற்றுப்போகலாம். 1994 ஜனவரியில் ராயல் நேஷனல் பார்க்கில் 90 சதவீதத்துக்கும் மேல் எரிந்தது. 2001 கடைசியில் மறுபடி பெரும்பகுதி எரிந்தது. சூழலியல்காரர்கள் தீயைவிட இடைவெளியைப் பற்றித்தான் அதிகம் கவலைப்படுகிறார்கள். ரொம்ப காலம் எரியாமலே இருந்தாலும் உயர்ந்த புதர்கள் மூடிக் கீழே உள்ள சின்னச் செடிகள் போய்விடும்.

“வாசல்ல ஷூவைத் தேய்ச்சு மருந்து அடிக்கச் சொல்றாங்களே, எதுக்கு?”

பைட்டாப்தோரா என்ற வேரழுகல் கிருமிக்காக. வெளிநாட்டிலிருந்து வந்தது, ஈரமண்ணில் ஒட்டிக்கொண்டு ஷூ, டயர் வழியாகப் பரவும். வராட்டா, கிராஸ் ட்ரீ எல்லாம் வேரழுகிச் சாகும். ஒருமுறை மண்ணில் ஏறிவிட்டால் எடுக்க வழியில்லை. ஷூ தேய்க்கும் ஸ்டேஷன் இருந்தால் நின்று செய்யுங்கள், இல்லாத இடத்துக்குப் போகும்போது வீட்டிலேயே மண்ணைத் தட்டிவிட்டு வாருங்கள். மழை பெய்த மறுநாள் சேற்றைச் சுற்றிப் போகிறேன் என்று பாதையை அகலமாக்கவும் வேண்டாம்.

“ஆர்க்கிட் எங்க இருக்குனு கேட்டா மட்டும் மழுப்புறீங்களே, ஏன்?”

தோண்டி எடுத்துப் போகிறவர்கள் இருப்பதால். அரிய ஆர்க்கிட்டுகளின் இடத்தை ஐநேச்சுரலிஸ்டே துல்லியமாகக் காட்டாமல் பெரிய பரப்பாகக் காட்டும். தோண்டினாலும் வீட்டில் பிழைக்காது. வேரோடு கூடவே வாழும் பூஞ்சை வேண்டும், குறிப்பிட்ட பூச்சியும் வேண்டும். டங் ஆர்க்கிட் ஒரே ஒரு குளவி இனத்தை நம்பி இருக்கிறது. பூவைப் பெண் குளவி என்று நினைத்து ஆண் குளவி வந்து ஏமாந்து மகரந்தத்தைச் சுமந்துபோகும்.

இருக்கும் இடத்தைச் சொல்லாவிட்டாலும் கண்டுபிடிக்கும் வழியைச் சொல்லலாம். பாதை ஓரத்தில் மண் தெரியும் இடங்களைப் பாருங்கள், உள்ளே புகுந்து தேடாதீர்கள், மிதிபட்டுத்தான் பல செடிகள் சாகின்றன. புல் மாதிரி இலையிலிருந்து எழும் இளஞ்சிவப்பு டிரிகர் பிளான்டும் அதே இடங்களில் இருக்கும். புல் நுனியால் அதன் நடுவைத் தொட்டால் மடங்கியிருக்கும் தண்டு படாரென்று அடிக்கும், சில நிமிடங்களில் பழைய இடத்துக்குத் திரும்பும். பூச்சியின் முதுகில் மகரந்தம் பூச அது செய்யும் வேலை. குழந்தைகள் ஒரு பூவை ஒரு தடவை தொட்டால் போதும்.

நீலநிற சன் ஆர்க்கிட்டைத் தேடிக் காலை ஏழு மணிக்கே வந்துவிட்டு “ஒன்றுமே இல்லை” என்று திரும்பாதீர்கள். மூடிய மொட்டாகப் பக்கத்திலேயே நின்றிருக்கும். வெயிலும் சூடும் ஏறினால்தான் விரியும், மேகமூட்டமான நாளில் விரியவே விரியாது. செப்டம்பரில் தெளிவான நாளாகப் பார்த்துப் பதினோரு மணிக்கு மேல் வாருங்கள்.